உடையில்லாமல் இருக்கும் உரிமை: சட்டம் எதைப் பார்க்கிறது?

ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்தில் மார் பெல்லா என்றொரு கடற்கரை இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் ஆணும் பெண்ணும், முதியவரும் இளைஞரும் உடம்பில் ஒரு துணியும் இல்லாமல் வெயில் காய்வார்கள், கடலில் குளிப்பார்கள், துண்டை விரித்துப் படுத்துப் புத்தகம் படிப்பார்கள். யாரும் அவர்களை ஒன்றும் கேட்பதில்லை. அவர்களில் ஒருவர் அப்படியே எழுந்து நகரத்தின் கடைத்தெருவுக்குள் நடந்தால் 500 யூரோ வரை அபராதம் கட்ட வேண்டிவரும். நீச்சலுடை மட்டும் போட்டுக்கொண்டு அங்கே நடந்தால்கூட அபராதம் உண்டு. 2011இல் மாநகராட்சி கொண்டுவந்த விதி இது.

ஒரே ஆள், ஒரே உடம்பு. கொஞ்ச தூரம் நடந்ததும் சட்டத்தின் பார்வை மாறிவிடுகிறது. அப்படியானால் சட்டம் எதைத்தான் பார்க்கிறது? உடம்பையா, இடத்தையா, அந்த ஆளின் நோக்கத்தையா, எதிரே வருகிறவரின் மனசையா? நாட்டுக்கு நாடு இதற்குப் பதில் வேறு. நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தாலே கிண்டலிலோ முகச்சுளிப்பிலோ முடிந்துவிடுகிறது. தனிமனித சுதந்திரம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோமே, அதன் எல்லை எங்கே விழுகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் கிடையாது என்பதால் நிதானமாகவே பார்ப்போம்.

நேச்சுரிசம் என்றால் என்ன?

சர்வதேச நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பு என்ற அமைப்பு 1953இல் பிரான்ஸின் மோந்தலிவேயில் தொடங்கப்பட்டது. 1974இல் அது தந்த வரையறையின் சாரம் இது: நேச்சுரிசம் என்பது இயற்கையோடு இணங்கி வாழும் ஒரு வாழ்க்கை முறை. பலர் கூடி ஆடையின்றி இருப்பது அதன் அடையாளம். தன்னையும் பிறரையும் சுற்றுச்சூழலையும் மதிக்கக் கற்பது அதன் நோக்கம்.

பாலுறவுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருப்பது இதுதான். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் பொதுவாகச் சொல்வது என்னவென்றால், எல்லா வயதிலும் எல்லா வடிவிலும் உள்ள உடம்புகளைச் சாதாரணமாகப் பார்த்துப் பழகியதும் தன் உடம்பைப் பற்றிய கூச்சம் குறைகிறது. தொப்பையும் தழும்பும் சுருக்கமும் எல்லோருக்கும் உண்டு என்பது தெரிகிறது. எதிரில் இருப்பவர் பணக்காரரா, எந்த வேலை செய்கிறார் என்பதைத் துணி சொல்லிக்கொடுப்பதில்லை.

பேருந்திலோ பூங்காவிலோ பெண்களின் எதிரே வேண்டுமென்றே உறுப்பைக் காட்டுகிற ஆளின் செயல் இதோடு சேராது. எதிரே இருப்பவர் திடுக்கிட வேண்டும், பயப்பட வேண்டும் என்பதே அவன் ஆசை. அது ஒரு தாக்குதல். நேச்சுரிஸ்ட் மற்றவர் தன்னைக் கவனிக்காமல் இருப்பதையே விரும்புகிறார். பல நாட்டுச் சட்டங்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்கின்றன. எவ்வளவு நன்றாகப் பிரிக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

இதன் வேர்

பலரும் இது மேற்கில் பிறந்த பழக்கம் என்று நினைப்பார்கள். ஆனால் பதிவாகியிருக்கும் முதல் நேச்சுரிஸ்ட் சங்கம் இந்தியாவில் தொடங்கியது. 1891இல் மும்பைக்கு அருகே தானேயில் மாவட்ட நீதிபதியாக இருந்த சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்டு என்ற ஆங்கிலேயர் அதைத் தொடங்கினார். அவரையும் சேர்த்து மொத்தம் மூன்றே உறுப்பினர்கள். இங்கிலாந்தில் இருந்த எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற எழுத்தாளருக்கு அவர் எழுதிய கடிதங்களால்தான் இந்தச் சங்கத்தைப் பற்றி நமக்குத் தெரியும். சட்டத்தைக் காக்கும் நாற்காலியில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த ஒருவர், ஓய்வு நேரத்தில் அந்தக் காலத்து ஒழுக்க விதிகளை இப்படி ஓரங்கட்டி வைத்திருந்தார்.

இயக்கமாக வளர்ந்தது ஜெர்மனியில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே நகரங்கள் தொழிற்சாலைப் புகையில் மூழ்கின. நெருக்கமான குடியிருப்புகள், காசநோய், இறுக்கமான உடைகள். இதற்கு எதிராக இயற்கை உணவு, சூரியக் குளியல், மது மறுப்பு என்று வாழ்க்கையை மாற்றச் சொல்லும் குழுக்கள் கிளம்பின. அவற்றின் ஒரு கிளைதான் சுதந்திர உடல் பண்பாடு. எஃப்.கே.கே. என்ற அதன் சுருக்கப் பெயரை இன்றும் ஜெர்மன் கடற்கரைப் பலகைகளில் பார்க்கலாம். 1898இல் எஸ்ஸன் நகரில் முதல் சங்கம் உருவானது. 1920களில் பெர்லினில் அடோல்ஃப் கோக் என்ற ஆசிரியர் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆடையில்லா உடற்பயிற்சிப் பள்ளிகளை நடத்தினார். வெயிலும் காற்றும் பணக்காரர்களின் சொத்தாக இருக்கக் கூடாது என்ற சோஷலிசக் கண்ணோட்டம் அதில் இருந்தது.

அந்தக் காலத்து பெர்லினுக்குத்தான் 1932இல் பெரியார் போனார். ஐரோப்பியப் பயணத்தில் பலவிதமான சீர்திருத்தக் குழுக்களைத் தேடிப்போய்ப் பார்த்த அவர், அங்கே நிர்வாண சங்கத்தாரையும் சந்தித்தார். அவர்களோடு ஆடையின்றி எடுத்துக்கொண்ட படமும் இருக்கிறது. அவரை இழிவுபடுத்த விரும்புகிறவர்கள் அந்தப் படத்தை இன்றுவரை எடுத்துப் போடுகிறார்கள். அது எந்த இயக்கத்தின் படம், அந்த இயக்கம் என்ன சொன்னது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் மறைக்கவோ கூச்சப்படவோ அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டே நாஜிகள் ஆட்சிக்கு வந்து இந்தச் சங்கங்களைத் தடை செய்தார்கள். பிறகு தங்கள் கொள்கைக்கு ஒத்துவந்த சில குழுக்களை மட்டும் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் நடந்தது இன்னும் சுவையானது. 1954இல் பால்டிக் கடற்கரையில் கம்யூனிஸ்ட் அரசு ஆடையில்லாக் குளியலுக்குத் தடை போட்டது. மக்கள் கேட்கவில்லை. எதிர்ப்பு பலமாக இருந்ததால், 1956இல் அரசே இறங்கிவந்து குறித்த இடங்களில் அனுமதித்தது. அதன்பின் அது நாடெங்கும் சர்வசாதாரணமானது. அரசை விமர்சித்துப் பேச முடியாத, எல்லையைத் தாண்டி வெளியே போக முடியாத மக்களுக்குக் கடற்கரையில் மட்டும் ஆடை களையும் சுதந்திரம் இருந்தது. ஒரு நாட்டில் ஆடையில்லாமல் குளிக்க முடிவதாலேயே அது சுதந்திர நாடு ஆகிவிடாது என்பதற்குக் கிழக்கு ஜெர்மனியே போதும்.

சட்டம் பார்க்கும் இடங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நோக்கம்தான் முக்கியம். 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் 66ஆவது பிரிவில், ஒருவர் வேண்டுமென்றே உறுப்பைக் காட்டியிருக்க வேண்டும், அதை யாராவது பார்த்துக் கலவரப்பட வேண்டும் என்றும் அவர் எண்ணியிருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். இதனால் அமைதியாகக் குளிக்கும் நேச்சுரிஸ்ட் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். பொது ஒழுங்குச் சட்டம் என்று வேறொன்று இருக்கிறது, அதன் வலைக்குள் வர வாய்ப்புண்டு. ஆனாலும் நேச்சுரிஸ்டின் கருத்துச் சுதந்திரத்தையும் மற்றவர்கள் தொந்தரவின்றி இருக்கும் உரிமையையும் எடைபோட்டுத்தான் வழக்குப் போட வேண்டும் என்று அரசு வழக்குத் துறை தன் வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது.

ஜெர்மனியில் பொது இடத்தில் ஆடையின்றி இருப்பது தன்னளவில் குற்றவியல் குற்றம் அல்ல. பொருத்தமில்லாத இடத்தில் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் அது ஒழுங்குமீறல். போக்குவரத்து விதியை மீறினால் வருவது போன்ற ஓர் அபராதம். மியூனிக் நகரத்தின் நடுவிலுள்ள ஆங்கிலத் தோட்டம் என்ற பெரிய பூங்காவில் இதற்கென்றே புல்வெளிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

ஸ்பெயினில் ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்து மக்களாட்சி வந்தபின், 1988இல் பொது ஒழுக்கக்கேடு என்ற பழைய குற்றப் பிரிவையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆக, ஆடையின்றி இருப்பதைக் குற்றமென்று சொல்லும் தேசியச் சட்டம் அங்கே இல்லை. அந்த இடைவெளியை உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் விதிகளால் நிரப்புகின்றன. பார்சிலோனா செய்தது அதைத்தான். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வலென்சியாவுக்குப் பக்கத்திலுள்ள அல்டாயா என்ற சிறு ஊரில் அப்படி விதி எதுவும் இல்லை. அங்கே ஆடையின்றித் தெருவில் நடந்த ஒருவருக்கு விதித்த அபராதம் செல்லாது என்று வலென்சியா உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொன்னது. அந்த மனிதர் விசாரணைக்கும் காலணி மட்டும் போட்டுக்கொண்டுதான் வந்தார்.

பிரான்ஸ் வேறு மாதிரி. கேப் தாக்ட் என்ற ஊரில் ஆடையில்லாமல் வாழ ஒரு நகரப் பகுதியே இருக்கிறது. கடைக்கும் வங்கிக்கும் அப்படியே போய்வரலாம். லெவாந்த் தீவில் துர்வில் சகோதரர்கள் என்ற இரண்டு மருத்துவர்கள் 1931இல் ஏற்படுத்திய எலியோபொலி குடியிருப்பு இன்றும் இருக்கிறது. ஆனால் இப்படி ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே போனால், பாலியல் காட்சிப்படுத்தல் என்ற குற்றப் பிரிவு காத்திருக்கிறது. ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் வரை போகலாம். பாலியல் எண்ணமே இல்லாத ஒருவரையும் பாலியல் குற்றவாளி என்ற முத்திரைக்குள் கொண்டுவர இடம் கொடுக்கும் இந்தப் பெயர் சரியில்லை என்று அங்குள்ள நேச்சுரிஸ்ட்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்.

கனடாவில் சுவாரசியமான ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். பொது இடத்தில் நிர்வாணம் குற்றம் என்று சட்டம் சொன்னாலும், அரசின் தலைமை வழக்கறிஞர் சம்மதம் தராமல் வழக்கு நடத்த முடியாது. யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் மட்டும் போதாது.

நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் சட்டம் மிகக் கறாரானது. பொது இடம் மட்டுமல்ல, வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி சொந்த வீட்டுக்குள் ஆடையின்றி நின்றாலும் குற்றம். 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுக்குமாடி வீடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஊரில் அந்த விதி ஏன் வந்தது என்பது புரிகிறது. ஆனால் நோக்கம் என்ன என்ற கேள்விக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை.

ஒருகாலத்தில் தாராளமாக இருந்த ஊரும் மனம் மாறுவதுண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் பாலியல் செயல் எதுவும் இல்லாதவரை தெருவில் ஆடையின்றி நடப்பது தடையற்றதாக இருந்தது. 2011இல், பொது இருக்கையில் உட்காரும்போது அடியில் ஏதாவது விரித்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் விதி போட்டார்கள். காஸ்ட்ரோ பகுதியில் தினமும் இதே காட்சி என்று குடியிருப்பவர்கள் சலித்துப்போனார்கள். 2012 நவம்பரில் நகர மன்றம் 6க்கு 5 என்ற ஓட்டுக் கணக்கில் தடை கொண்டுவந்தது. அனுமதி பெற்ற ஊர்வலங்களுக்கு மட்டும் விலக்கு.

ஸ்டீஃபன் காஃபின் வழக்கு

சட்டமும் சுதந்திரமும் நேருக்கு நேர் மோதியதை ஒரே மனிதரின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டீஃபன் காஃப்தான். பிரிட்டிஷ் கடற்படையின் மரைன் பிரிவில் முன்பு வேலை பார்த்தவர். மனித உடம்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை அவருக்கு ஆழமாக இருந்தது. 2003இல் பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடக்கே ஜான் ஓ குரோட்ஸ் வரை நடக்கக் கிளம்பினார். காலில் பூட்ஸ், முதுகில் பை, தலையில் தொப்பி. வேறொன்றும் இல்லை. 2004 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

வழியெங்கும் கைது. இங்கிலாந்தில் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் விடவில்லை. அங்கே அமைதிக்குப் பங்கம் விளைவித்தல் என்று ஒரு பழைய பொதுச் சட்டக் குற்றம் உண்டு. சாதாரண மக்களைக் கலவரப்படுத்தி, சமூகத்தில் பெரிய குழப்பம் வரக்கூடிய அளவுக்கு ஒரு நடத்தை இருந்தால் அது குற்றம். நோக்கம் எதுவாக இருந்தாலும் சரி. அந்தச் சட்டத்தில் மாட்டியவர் வெளியே வர முடியாமல் போனார். தண்டனை முடிந்து சிறைக் கதவு திறக்கும், ஆடையின்றி வெளியே வருவார், வாசலிலேயே போலீஸ் நிற்கும், திரும்பவும் உள்ளே. நீதிமன்றத்திலும் உடை போட மறுத்ததால் நீதிமன்ற அவமதிப்பு வேறு. சிறைக்குள்ளும் உடை போட மறுத்ததால் மற்ற கைதிகளோடு சேரவிடாமல் தனியாக வைத்தார்கள். 2003 முதல் 2012 வரை முப்பதுக்கும் மேற்பட்ட தண்டனைகள். மொத்தத்தில் ஏழு ஆண்டுகளுக்கும் மேல் அடைபட்டுக் கிடந்தார். யாரையும் அவர் தொட்டதில்லை, மிரட்டியதில்லை.

வழக்கு ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2014 அக்டோபர் 28 அன்று தீர்ப்பு வந்தது. பொது இடத்தில் ஆடையின்றி இருப்பதும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடாக இருக்க முடியும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இது சின்ன விஷயமல்ல. ஆனால் அதற்குமேல் அவருக்குச் சாதகமாக எதுவும் இல்லை. அவர் தன் கருத்தைச் சொல்ல வேறு வழிகள் இருந்தன. எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் ஆடையின்றியே இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். மற்றவர்களின் உணர்வை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தண்டனை இவ்வளவு சேர்ந்தது அவர் தெரிந்தே திரும்பத் திரும்பச் சட்டத்தை மீறியதால்தான் என்றது நீதிமன்றம். உரிமை மீறல் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டது.

அந்தத் தீர்ப்பின் ஒரு பாதியை என்னால் ஏற்க முடிகிறது. பள்ளி வாசலிலும் கடைத்தெருவிலும் நடக்கிற மற்றவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. தான் பார்க்க விரும்பாத ஒன்றிலிருந்து அவர்கள் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஆனால் ஏழு ஆண்டுகள்? ஒவ்வொரு தண்டனையையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். எல்லாம் சேர்ந்தபோது, யாருக்கும் தீங்கு நினைக்காத ஒரு மனிதரின் நடுவயதையே அது விழுங்கிவிட்டது. சட்டத்துக்கு நிறுத்தும் இடம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

அதே 2014இல், ஜூலை 1 அன்று, அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் தந்திருந்தது. முகத்தை முழுக்க மூடும் உடையைப் பொது இடத்தில் அணியக் கூடாது என்று பிரான்ஸ் 2010இல் சட்டம் போட்டிருந்தது. அதை எதிர்த்து ஒரு முஸ்லிம் பெண் வழக்குத் தொடுத்தார். சேர்ந்து வாழ்வதற்கு முகம் தெரிவது அவசியம் என்ற பிரான்ஸின் வாதத்தை ஏற்று, சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். நான்கு மாத இடைவெளியில், எதுவுமே போடாத ஒருவரும் அளவுக்கு மேல் போட்டுக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ஒருவரும் ஒரே வாசலில் நின்று ஒரே பதிலைக் கேட்டார்கள்: பெரும்பான்மையோர் எதிர்பார்க்கிற அளவில் உடுத்துங்கள்.

இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்துப் படிக்காமல் இந்த விஷயம் முழுதாகப் புரியாது என்று நினைக்கிறேன். உடையைக் கழற்றும் சுதந்திரமும் உடுத்திக்கொள்ளும் சுதந்திரமும் ஒன்றுதான். இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலுடலை மறைத்துக்கொள்ளக் கூடாது என்று சாதி வழக்கமும் அரச ஆணையும் தடுத்தன. மறைத்தவர்களின் துணியைக் கிழித்தார்கள், வீடுகளையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னை ஆளுநராக இருந்த டிரெவெலியனின் அழுத்தமும் சேர்ந்து, 1859 ஜூலை 26 அன்றுதான் மறைக்கும் உரிமையை மன்னர் அறிவித்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. உடையின்மை என்பது விரும்பி எடுத்துக்கொள்ளும்போது சுதந்திரம், திணிக்கப்படும்போது கொடுமை. யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பெண்ணின் உடம்புக்குத் தனிச் சட்டமா?

ஆண் சட்டையில்லாமல் நடந்தால் வெயில் என்பார்கள். பெண் நடந்தால் வழக்கு. 1991 ஜூலையில் கனடாவின் குவெல்ஃப் நகரில் க்வென் ஜேக்கப் என்ற மாணவி, வெக்கை தாங்காமல் ஆண்கள் நடப்பது போலவே மேலாடையின்றி நடந்தார். 75 டாலர் அபராதம். அவர் விடவில்லை. 1996இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் செய்தது குற்றமில்லை என்று சொன்னது. நியூயார்க் மாநிலத்தில் 1992இலேயே இதே மாதிரி ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. பெர்லின் நகரப் பொது நீச்சல் குளங்களில், ஒரு பெண் கொடுத்த புகாரை அடுத்து, மேலாடையின்றிக் குளிப்பது எல்லோருக்கும் பொதுவான உரிமை என்று 2023 மார்ச்சில் தெளிவுபடுத்தினார்கள்.

இந்தியாவில்

நேச்சுரிசம் என்ற சொல் நம் சட்டத்தில் எங்கும் கிடையாது. பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக ஆபாசச் செயல் செய்தால் மூன்று மாதம் வரை சிறை என்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 294ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சம்ஹிதாவின் 296ஆவது பிரிவு. இதில் இரண்டு நிபந்தனைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். செயல் ஆபாசமாக இருக்க வேண்டும். யாருக்காவது அதனால் தொந்தரவு ஏற்பட்டிருக்க வேண்டும். நிர்வாணம் என்ற ஒன்றே ஆபாசமா? அதைச் சட்டம் சொல்லவில்லை, நீதிமன்றங்களுக்கு விட்டுவிட்டது.

நீதிமன்றங்கள் இதில் மெல்ல மெல்ல நகர்ந்திருக்கின்றன. 1868ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றிலிருந்து வந்த ஹிக்ளின் அளவுகோலைத்தான் நாம் நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தோம். மனம் பலவீனமான ஒருவரை ஒரு படைப்பு கெடுத்துவிடுமா என்று பார்க்கும் அளவுகோல் அது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றி எடுத்துக்கொண்ட படத்தைக் கொல்கத்தாவின் பத்திரிகை ஒன்று 1993இல் வெளியிட்டது. நிறவெறிக்கு எதிரான படம் அது. அந்த வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் ஹிக்ளினைக் கைவிட்டது. நிர்வாணப் படம் என்பதாலேயே ஆபாசம் ஆகிவிடாது, சமகாலச் சமூகத்தின் அளவுகோலைக் கொண்டு முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என்றது. அதற்காக நாளைக்கே ஒருவர் மெரினாவில் ஆடையின்றிக் குளிக்கலாம் என்று பொருளல்ல. அந்தச் சமூக அளவுகோலே அங்கே அவருக்கு எதிராக நிற்கும். நடிகர் மிலிந்த் சோமன் 2020இல் தன் பிறந்தநாளன்று கோவா கடற்கரையில் ஆடையின்றி ஓடிய படத்தை வெளியிட்டபோது போலீஸ் வழக்குப் பதிந்தது.

ஆனால் இதே நாட்டில்தான் திகம்பர சமண முனிவர்கள் ஆடையின்றி நகரத் தெருக்களில் நடக்கிறார்கள். மக்கள் வழிவிட்டுக் கும்பிடுகிறார்கள். கும்பமேளாவில் நாகா சாதுக்கள் ஊர்வலம் போகிறார்கள். பாதுகாப்புக்குப் போலீஸ் கூடவே போகிறது. தருண் சாகர் என்ற திகம்பர முனிவர் 2016இல் ஹரியானா சட்டப்பேரவையிலேயே உரையாற்றினார். தமிழ்நாட்டுச் சமணர்களும் பெரும்பாலும் திகம்பரப் பிரிவினர்தான். விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூர் மடம் அவர்களுடையது. துறவியின் நிர்வாணத்தை இந்தியச் சமூகம் ஆபாசமாகப் பார்ப்பதில்லை. உடம்பைப் பார்த்து மட்டும் நாம் ஆபாசத்தை முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அந்த மரியாதை மதத்தின் பெயரால் வந்தது. மதம் சாராத ஒருவருக்கு, ஒரு தனித் தோட்டத்துக்குள்கூட, அதில் ஒரு துளியாவது கிடைக்குமா என்பது இன்னும் யாரும் நீதிமன்றத்தில் முழுமையாகக் கேட்டுப் பார்க்காத கேள்வி.

மணிப்பூரை இங்கே சொல்லாமல் விட முடியாது. தங்ஜம் மனோரமா என்ற பெண் அசாம் ரைஃபிள்ஸ் படையினரால் பிடித்துச் செல்லப்பட்ட பின் பிணமாகக் கிடைத்தார். அதை எதிர்த்து 2004 ஜூலை 15 அன்று பன்னிரண்டு பெண்கள், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய தாய்மார்கள், இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆடைகளைக் களைந்து நின்றார்கள். இது நேச்சுரிசம் அல்ல. வேறு எந்த மொழியும் எடுபடாத இடத்தில் உடம்பையே மொழியாக்கிய எதிர்ப்பு. அந்த ஆண்டு நவம்பரில் அசாம் ரைஃபிள்ஸ் காங்லாவை விட்டு வெளியேறியது.

போகிற இடத்தின் வழக்கம்

சுதந்திரம் என்று பேசும்போது அடுத்தவர் மண்ணின் மரியாதையும் சேர்த்துப் பேசத்தான் வேண்டும். 2015இல் மலேசியாவின் கினபாலு மலை உச்சியில் சில வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஆடையைக் கழற்றிப் படம் எடுத்தார்கள். கடசான் டுசுன் மக்களுக்கு அது மூதாதையர் ஆவிகள் உறையும் மலை. சில நாளில் அங்கே நிலநடுக்கம் வந்து பலர் இறந்தார்கள். இந்தச் செயல்தான் காரணம் என்று சொன்னது மூடநம்பிக்கை. ஆனால் ஒரு சமூகத்தின் புனித இடத்தில் விளையாட்டாக நடந்துகொண்டது நிஜமான அவமதிப்பு. நான்கு பேருக்கு மூன்று நாள் சிறையும் தலா 5,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தது. உண்மையான நேச்சுரிஸ்ட்கள் இதை ஆதரிக்க மாட்டார்கள், பிறரை மதிப்பது அவர்கள் வரையறையிலேயே இருக்கிறது. 2021இல் துபாயில் அடுக்குமாடி பால்கனியில் ஆடையின்றிப் படம் எடுத்த ஒரு குழுவைப் பிடித்து நாடுகடத்தினார்கள்.

எனக்குத் தெரிந்தவரை இருக்கிறதில் நல்ல ஏற்பாடு இடம் ஒதுக்குவதுதான். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பெரிய எதிர்ப்புக்கும் வாக்குவாதத்துக்கும் நடுவே நகர மன்றம் 1980இல் கடற்கரையின் ஒரு துண்டை இதற்கென்று திறந்தது. ஊர் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அங்கேயே இருக்கிறது, ஊரும் இருக்கிறது. விரும்புகிறவர் போகலாம், விரும்பாதவர் பார்க்காமல் இருக்கலாம். காஃப் போன்ற ஒருவருக்கு இது போதாது, அவர் கேட்டது முழு உலகையும். ஆனால் ஆயிரக்கணக்கான மற்றவர்களுக்கு இது போதுமானதாக இருக்கிறது.

படிக்கவோ வேலைக்கோ ஐரோப்பா போகிற நம்மவர்கள் எப்படியும் ஒரு நாள் இப்படி ஓர் இடத்தை எதிர்கொள்வார்கள், ஜெர்மனியில் சானா என்ற பொது வெப்பக் குளியலறைக்குப் போனாலே போதும். அங்கே நீச்சலுடை போட்டுக்கொண்டு உள்ளே வருவதுதான் விதிமீறல். உட்காரும்போது கட்டாயம் துண்டை விரித்துக்கொள்ள வேண்டும். பேசினால் கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள். ஆடை களைய விருப்பமில்லை என்றால் போகாமல் இருந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உடையோடு போய் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைத்தான் தப்பாக நினைப்பார்கள். கைபேசியைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கேமராவை யார்மீதாவது திருப்பினால் அங்கிருந்து வெளியேற்றுவார்கள், போலீஸைக் கூப்பிடவும் தயங்க மாட்டார்கள்.